உருக்குலைந்த மின்னஞ்சலை வாசிக்கும் முறை



கடந்த ஆண்டுகளின் விழா மலர்களில் இலக்கணப் பாடங்களையே எழுதிவந்த நாம், இம்முறை மின்னஞ்சலைப் பற்றி எழுத முற்பட்டமைக்கு ஒரு கடதாசி காரணமாயிற்று. 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், வகுப்புகள் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மாணவர் ஒருவரின் தாயார் கைப்பையிலிருந்து நான்காக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து எம்மிடம் நீட்டினார்.

"மாஸ்ரர், இது அண்ணா போட்ட கடிதம். இதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

அக்கடதாசியில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கிலப் பேரெழுத்துகளும் சிற்றெழுத்துகளும் இலக்கங்களும் கூட்டற் குறிகளும் இடைவெளியின்றி 14 வரிகளில் நெருக்கமாக அச்சாகியிருந்தன. அவருடைய தமையனார் 2012இல் முல்லைத்தீவிலிருந்து அனுப்பிய மடல் அது. தமையனாருக்குக் கணினிப் பழக்கம் இல்லை. கடையொன்றில் இருந்த இளைஞர் ஒருவர் அவர் சொல்லச் சொல்லத் தமிழில் தட்டச்சுச் செய்து கொடுத்திருக்கின்றார். மடல் நோர்வேயில் உள்ள தெரிந்தவர் ஒருவரின் முகவரிக்கு வந்து, அவர் வழியாக இத்தாயாருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. திறந்தபோது இவ்வுருவிலேயே தோன்றிற்று. வீட்டார் வைரஸ் என்று அஞ்சினர். மகன் ஒரு படி அச்சிட்டபின் மடலை அழித்துவிட்டான். தமையனார் தொலைபேசியில் வினவியபோது, தமக்குக் கணினி விளங்காமையை ஒரு குறையாக எண்ணி, "கிடைச்சது அண்ணா" என்று மட்டும் சொல்லியிருக்கின்றார். 2014இல் தமையனார் காலமானார்.

நாம் முதல் வரியைப் பார்த்தவுடனேயே தாயாரிடம் ஒன்று சொல்ல முடிந்தது: கடிதம் அழியவில்லை; அதன் உறையே கழன்றுபோயிற்று. அங்ஙனம் சொல்ல முடிந்தது எவ்வாறு என்பதே இப்பாடம். கூட்டல், கழித்தல், பிரித்தல் தெரிந்த எந்த மாணவரும் இதனைக் கற்கலாம்.

ஏழு பிற்றுப் பாதை

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் எழுதிவைக்கின்றோம். இந்த 0 அல்லது 1 ஒரு பிற்று. எட்டுப் பிற்றுகள் சேர்ந்தது ஒரு பைற்று. அமெரிக்காவில் 1963இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் அட்டவணை ஏழு பிற்றுகளையே பயன்படுத்திற்று. ஏழு பிற்றுகளால் 128 எண்களை எழுதலாம். ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அது போதும். உலகின் ஏனைய எழுத்துகளுக்கு அதில் இடமில்லை.

1971இல் ரே ரொம்லின்சன் என்பவர் அர்ப்பாநெற் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். இரண்டே ஆண்டுகளில், 1973இல், அவ்வலையமைப்பு ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள ஷெல்லருக்கு நீண்டது என்பதை இந்நாட்டில் வளரும் நீங்கள் அறிந்திருத்தல் நன்று. 1982இல் மின்னஞ்சல் கடத்தும் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டபோது, ஏழு பிற்று ஆஸ்கி எழுத்துகளே செல்லலாம், ஒரு வரி 1000 எழுத்துகளுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது. இடைவழியிலிருந்த சில கணினிகள் எட்டாவது பிற்றைக் கண்டால் அதனை வெட்டியே அனுப்பின.

இதனால் இடர்ப்பட்டோர் தமிழர் மட்டுமல்லர். நோர்வேஜிய மொழியின் கடைசி மூன்று எழுத்துகளை நீங்கள் அறிவீர்கள்: ஏயும் ஈயும் ஒட்டியது, குறுக்குக்கோடு இட்ட ஓ, தலையில் வளையம் கொண்ட ஏ. ஆஸ்கியில் இவற்றுக்கு இடமில்லாமையால், அடைப்புக்குறிகளுக்கும் கோடுகளுக்கும் உரிய எண்களை நோர்வேஜியர் இவற்றுக்கு எடுத்துக்கொண்டனர். அவர் எழுதிய கடிதத்தை அமெரிக்கக் கணினியில் திறந்தால் சொல்லின் நடுவே அடைப்புக்குறி நிற்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு அட்டவணைகள் இரண்டு பொருள் கூறின என்பதே காரணம். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

படம், பாட்டு, எழுதிய ஆவணம் ஆகியவற்றின் கோப்புகளோ எட்டுப் பிற்றும் நிறைந்த பைற்றுகளாலானவை. ஏழடி அகலமான படலையால் எட்டடி அகலமான வண்டியைக் கொண்டுபோவது எப்படி? வண்டியைக் கழற்றி, துண்டு துண்டாக உள்ளே கொண்டுசென்று, மீண்டும் பூட்டுவதொன்றே வழி. எமது பெற்றோர் இடம்பெயர்ந்த காலங்களிற் கதவும் யன்னலும் கூரைத்தகரமும் அப்படித்தான் பயணஞ் செய்தன. ஆயின் கழற்றியவர் ஒருவர், பூட்டுபவர் வேறொருவர் என்றால், எத்துண்டு எங்கே பொருந்தும் என்பதற்கு ஒரு குறிப்பும் உடன்செல்ல வேண்டும்.

அக்குறிப்பு முறையை 1992இல் நதானியேல் போரென்ஸ்ரைன், நெட் பிரீட் என்னும் இருவர் வகுத்தனர். அதன் பெயர் மைம். 1992 மார்ச் 11ஆம் நாள், போரென்ஸ்ரைன் தம் அலுவலக நண்பர் மூவரோடு சேர்ந்து பாடிய பாட்டின் ஒலியையும் நால்வரும் நிற்கும் படத்தையும் அம்முறைப்படி ஒரு மடலில் இணைத்து அனுப்பினார். அக்காலத்தில் இஃது எதற்கு என்று வினவியோருக்கு, என்றோ ஒருநாள் தமக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பர், அவர்களின் படங்கள் தமக்கு மின்னஞ்சலில் வரவேண்டும் என்று விடை கூறியதாக அவரே பின்னாளிற் சொல்லியிருக்கின்றார். பேரப்பிள்ளையைப் படத்தில் மட்டுமே கண்ட பாட்டன், பாட்டியர் எத்தனை பேர் நம் ஊர்களில் இருந்தனர் என்பதை எண்ணும்போது, அவ்விடையை வேடிக்கையாகக் கொள்ள எமக்கு மனம் வரவில்லை.

அறுபத்துநான்கு குறிகள்

வண்டியைக் கழற்றும் முறைக்கு வருவோம். அதன் பெயர் பேஸ்-64. எல்லா நாட்டுக் கணினிகளிலும் ஒரே பொருளோடு நிற்கக்கூடிய 64 குறிகளை மட்டும் இம்முறையினர் தெரிந்தெடுத்தனர். 0 முதல் 25 வரை ஆங்கிலப் பேரெழுத்துகள், 26 முதல் 51 வரை சிற்றெழுத்துகள், 52 முதல் 61 வரை 0 தொடக்கம் 9 வரையான இலக்கங்கள், 62 கூட்டற் குறி, 63 சாய்கோடு. நோர்வேஜியர் எடுத்துக்கொண்ட அடைப்புக்குறிகள் இப்பட்டியலில் இல்லாமை தற்செயலன்று. முன்னர் 1980இல் தோன்றிய மற்றொரு முறை அவற்றையும் பயன்படுத்தியதால் வழியிற் சிதைந்தது.

64 குறிகளுக்கு ஆறு பிற்றுகள் போதும். மூன்று பைற்றுகளில் 24 பிற்றுகள் உள்ளன. 24ஐ ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு. எனவே மூன்று பைற்றுகள் நான்கு குறிகளாகின்றன. இவ்வளவே இம்முறை.

'அ' என்னும் எழுத்தை எடுத்துச் செய்துபார்ப்போம். 1991இல் வெளிவந்த யூனிகோட் அட்டவணையில் 'அ'வின் எண் 2949. இவ்வெண்ணைப் பைற்றுகளாக எழுதும் யூ.ரி.எவ்-8 முறையைக் கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் வகுத்தனர். மைம் தோன்றியதும் அதே ஆண்டு என்பதைக் கவனிக்க. தமிழ் எழுத்துக்கு அக்கணக்கு எளிது. 2949ஐ 64ஆற் பிரிக்க. ஈவு 46, மீதி 5. இரண்டுடனும் 128ஐக் கூட்டுக: 174, 133. முன்னால் 224ஐ வைக்க. ஆக 224, 174, 133 என்பன 'அ'வின் மூன்று பைற்றுகள். இவற்றை 0, 1 ஆக எழுதினால்:

11100000 10101110 10000101

இடைவெளிகளை நீக்கி, ஆறு ஆறாகப் பிரித்தால்:

111000 001010 111010 000101

இவை 56, 10, 58, 5. பட்டியலிற் பார்த்தால் 56 என்பது நான்கு என்னும் இலக்கம். 10 என்பது பெரிய கே. 58 என்பது ஆறு என்னும் இலக்கம். 5 என்பது பெரிய எவ்.

இங்கே நாம் வியந்த ஒன்று உண்டு. தமிழ் எழுத்துகளின் யூனிகோட் எண்கள் 2944 முதல் 3071 வரையான கட்டத்தில் அமைந்தவை. அவற்றை 64ஆற் பிரித்தால் ஈவு 46 அல்லது 47 மட்டுமே. எனவே ஒரு தமிழ் எழுத்தின் நான்கு குறிகளில் முதலிரண்டும் எப்போதும் நான்கு, கே என்பனவே. மூன்றாவது, ஈவு 46 ஆயின் ஆறு. 47 ஆயின் கூட்டற் குறி. நான்காவது குறி எதுவோ, அதன் எண்ணே மீதி. மீதியே எழுத்தைக் காட்டும். தமிழுக்கென்று ஒருவரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடன்று இது; மூன்று பைற்றும் நான்கு குறியும் தாமாகப் பொருந்திக்கொண்டன.

'அம்மா' என்னும் சொல்லைப் பாருங்கள். கணினிக்கு அது ஐந்து துண்டு: அ, ம, புள்ளி, ம, கால். மீதிகள் முறையே 5, 46, 13, 46, 62. புள்ளி மட்டும் ஈவு 47ஐச் சேர்ந்தது. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்று வகுப்பிற் கற்பிக்கும் நாம், கணினியில் 'ம' முதலிற் பிறந்து பின்னரே புள்ளி பெற்று 'ம்' ஆகின்றது என்று சொல்ல நேர்வது வருத்தந்தான். இந்தியாவில் 1988இல் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவாக வகுத்த ஒழுங்கை யூனிகோட் பின்பற்றியமையால் வந்த நிலை இது.

அம்மாவின் 15 பைற்றுகள் பேஸ்-64இல் 20 குறிகளாகும். குவோட்டட் பிரின்ரபிள் என்னும் மற்றொரு முறையும் மைமில் உண்டு. அது ஆஸ்கி எழுத்துகளை அப்படியே விட்டு, மற்றைய ஒவ்வொரு பைற்றையும் சமன்குறியும் இரண்டு குறிகளுமாக எழுதும். நூற்றுக்கு ஒன்றிரண்டு சிறப்பெழுத்துகள் வரும் நோர்வேஜியக் கடிதத்துக்கு அது சிக்கனம். தமிழுக்கோ அம்மா என்பதற்கே 45 குறிகள் வேண்டும். திரை நிறையச் சமன்குறிகள் தோன்றினால் இம்முறையென்று அறிக.

பேஸ்-64இல் மூன்று நான்காவதால் இணைப்பு மூன்றிலொரு பங்கு பருத்துவிடும். 76 குறிகளுக்கு ஒருமுறை வரி முறிக்கப்படுவதாற் சற்று மேலும் கூடும். 20 மெகாபைற்று எல்லையுள்ள அஞ்சலில் 15 மெகாபைற்றுக் கோப்பு மறுக்கப்படுவது இதனாலேயே. இன்றைய வழங்கிகள் பெரும்பாலும் எட்டுப் பிற்றையும் கடத்த வல்லன. எனினும் இணைப்புகள் இன்றும் பழைய உடையிலேயே செல்கின்றன.

உறையில் எழுதப்படுவது

கழற்றிய துண்டுகளோடு செல்லும் குறிப்பு மடலின் தலைப்பகுதியில் உள்ளது. நாம் சாதாரணமாகக் காண்பது அனுப்புநர், பெறுநர், பொருள் என்னும் மூன்றே. கீழே மறைந்திருப்பவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று உள்ளடக்க வகை: இது சாதாரண எழுத்தா, வடிவமைத்த எழுத்தா, படமா, எழுத்தாயின் எந்த அட்டவணைப்படி வாசிக்கவேண்டும் என்று அது கூறும். மற்றையது கடத்தற் குறிமுறை: பேஸ்-64ஆ, குவோட்டட் பிரின்ரபிளா, ஒன்றுமில்லையா என்று கூறும். இவ்விரண்டு வரிகளும் இருந்தால் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டியைப் பூட்டிவிடும். இரண்டாவது வரி தொலைந்தால் துண்டுகளையே நம்முன் கொட்டும். அத்தாயாரின் மடலுக்கு நேர்ந்தது அதுவே.

ஒரு மடலிற் பல பொருள்கள் இருப்பின், காணியைப் பங்கிட்டு வேலி அடைப்பதுபோல இடையிடையே ஓர் எல்லைவரி இடப்படும். கடிதத்தில் வேறெங்கும் வரமுடியாத நீண்ட குறித்தொடர் ஒன்றைக் கணினியே அதற்கெனப் புனைந்துகொள்ளும். தடித்த எழுத்தும் நிறமும் கொண்ட மடலைத் திறக்கும்போது, உண்மையில் அதன் இரண்டு படிகள் உங்களுக்கு வந்திருக்கும்: முதலிற் சாதாரண எழுத்தில் ஒன்று, வேலிக்கு அப்பால் வடிவமைத்தது மற்றொன்று. தனக்கு இயன்றவற்றுட் கடைசியாக உள்ளதையே வாசிக்கும் மென்பொருள் தெரிந்தெடுக்கும்.

இந்த இரட்டைப் படி நம்மவரை ஒரு காலத்திற் பெரிதும் அலைக்கழித்தது. 1990களிற் புலம்பெயர்ந்தோரிடையே பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் உருவங்களை மாட்டிவிட்டிருந்தது. அம்மா என்பதைப் பாமினியில் எழுதினால் கணினியுட் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவே. இவை ஆஸ்கிக்குள் அடங்கியமையால் எந்தப் படலையையும் தடையின்றிக் கடந்தன. ஆனால் இது பாமினி என்னும் செய்தி வடிவமைத்த படியில் மட்டுமே இருந்தது. சாதாரணப் படியைத் திறந்தவருக்கு எம், கே, அரைப்புள்ளியே கிடைத்தது. பழைய பெட்டிகளில் அத்தகைய கோப்புகள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி அவற்றை இன்றும் ஒரு நொடியிற் படிக்கத் தரும். 1990களின் பிற்பகுதியில் வந்த திஸ்கி, 1999இன் சென்னை மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் ஆகியவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே.

இனி, உறை கழலாமல், உறையில் அட்டவணையின் பெயர் மட்டும் பிழையாக எழுதப்பட்டிருந்தால் நிகழ்வதைக் காண்போம். தமிழ்ப் பைற்றுகளை மேற்கு ஐரோப்பிய அட்டவணைப்படி வாசித்தால், 224 என்பது தலையிற் சாய்கோடிட்ட சிறிய ஏ. 174 என்பது வணிகப் பெயர்களின் பக்கத்தில் வரும் வட்டத்துள் ஆர். பக்கம் முழுவதும் வட்டத்துள் ஆர் மலிந்து கிடந்தால் அது நல்ல தமிழ் என்று துணிந்து கொள்ளலாம். அட்டவணையை யூ.ரி.எவ்-8 என்று மாற்றியவுடன் எழுத்துகள் மீண்டுவிடும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 1252 எனப்படும் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு நமக்கு வேண்டியவை: 129 உகரக் குறியின் கடைசிப் பைற்று, 141 புள்ளியினுடையது, 143, 144 முறையே ஏகாரத்துக்கும் ஐகாரத்துக்கும் உரியவை. சிதைந்த எழுத்தைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டிச் சேமிக்கும்போது சில மென்பொருள்கள் அவ்விடங்களை விழுங்கிவிடும். பின்னர் மீட்டால் புள்ளியும் உகரமும் அற்ற தமிழே கிடைக்கும். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படிக்கப் பழகியவர்களுக்கு அது பெரிதன்று, நமக்குக் கடினம். எனவே அத்தகைய மடலைத் தொடாமல் வைத்து, மென்பொருளின் பட்டியலில் மூலத்தைக் காட்டும் கட்டளையைத் தேடுங்கள். பிறருக்கு அனுப்புவதாயின் மடலையே இணைப்பாக்கி அனுப்புங்கள்.

எழுத்துகள் வெறும் பெட்டிகளாகத் தோன்றினால் கவலை வேண்டாம். எழுத்துரு இல்லை என்பதே அதன் பொருள். வரிசையாகக் கேள்விக்குறிகள் தோன்றினாலோ நிலைமை வேறு. வழியில் ஏதோ ஒரு கணினி தனக்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்தையும் எடுத்தெறிந்து, கேள்விக்குறிக்குரிய 63ஐ அங்கே வைத்துவிட்டது. அம்மாவுக்கும் ஐந்து கேள்விக்குறி, அப்பாவுக்கும் ஐந்து. அதிலிருந்து மீட்பதற்கு ஒன்றும் இல்லை. எழுதியவரிடம் உடனே சொல்லி மறுபடி அனுப்பச் செய்ய வேண்டும். இதைச் சொல்ல எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அக்கடதாசியின் கதை

நாம் கண்ட கடதாசியின் முதல் வரியில் 'நான்கு, கே, ஆறு' என்பதும் 'நான்கு, கே, கூட்டல்' என்பதும் மாறிமாறி எட்டு முறை வந்தன. அடுத்த சனிக்கிழமை மேல்வகுப்பு மாணவர் அறுவரைக் கணிதக் கொப்பிகளுடன் அமர்த்தினோம். மீதிகளைப் பட்டியலிற் பார்த்து, பத்து நிமிடத்திற்குள் முதற் சொல்லை வாசித்துவிட்டனர். அத்துடன் வேலை நின்றது. இரண்டாவது சொல்லில் நான்கும் கேயும் காணாமற்போய், 'சீ, சிறிய யூ' என்னும் வேறோர் இரட்டை தலைகாட்டிற்று. அச்சு பிழையோ என்று நாமும் ஐயுற்றோம்.

காரணத்தைக் கண்டவள் பதினான்கு வயது மாணவி ஒருத்தி. சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி ஆஸ்கி எழுத்து. அதற்கு ஒரே பைற்று. ஆகவே இடைவெளிக்குப் பின் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு பைற்றுத் தள்ளி விழும். இன்னோர் இடைவெளி வந்தால் இரண்டு பைற்று. மூன்றாவதன் பின் பழைய தாளம் திரும்பும். அவள் விரலால் நகர்ந்து காட்டியபடியே நான்காம் சொல்லில் நான்கும் கேயும் மீண்டன. அதன்பின் குறுக்குவழியைக் கைவிட்டோம். ஒவ்வொரு குறியையும் ஆறு பிற்றுகளாகக் கட்டங்களில் எழுதி, எட்டு எட்டாக மீண்டும் கோடு பிரித்தனர். மூன்று சனிக்கிழமைகள் சென்றன.

கடிதத்திற் பாதி சுகநல விசாரிப்பு. மற்றப் பாதி, தாய்வழிக் காணியின் உறுதி இலக்கமும் எழுதிய ஆண்டும் நான்கு எல்லைகளும். உறுதி 2009இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. இலக்கமேனும் தங்கையிடம் இருக்கட்டும் என்று தமையனார் தம் நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்திருக்கின்றார்.

இலக்கத்தில் ஓரிடம் எம்மைத் திகைக்கவைத்தது. அங்கிருந்த குறி பெரிய ஐயா, சிறிய எல்லா என்று அச்சிற் பிரித்தறிய முடியவில்லை. பெரிய ஐ ஆயின் அதன் எண் 8, பிற்றுகள் 001000. சிறிய எல் ஆயின் 37, பிற்றுகள் 100101. முன்னதன்படி இலக்கம் 2, பின்னதன்படி 9. காணிப் பதிவகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் 2 என்றும் 9 என்றும் இரண்டையும் எழுத முடியாது. ஆனால் இக்குறியின் கடைசி இரண்டு பிற்றுகள் அடுத்த பைற்றின் தொடக்கம். ஆஸ்கியில் 0 முதல் 9 வரையான எல்லா இலக்கங்களும் 0011 என்றே தொடங்கும். எல் என்று கொண்டால் அடுத்த பைற்று 0111 என்று தொடங்கி, உறுதி இலக்கத்தின் நடுவே ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து வந்துவிடும். ஆகவே அது ஐ, இலக்கம் 2. மாணவர் இம்முடிவைக் கரும்பலகையில் நிறுவியபின்பே நாம் தாயாரிடம் சொன்னோம். பின்னர் ஒருவர் 14 வரிகளையும் கணினியில் தட்டச்சுச் செய்து பார்த்தார். கையாற் செய்ததில் இரண்டு சொற்கள் மட்டும் பிழைத்திருந்தன. இலக்கம் சரியாகவே இருந்தது.

உறுதியின் பிரதி பதிவகத்திலிருந்து 2024இற் கிடைத்தது. காணி இன்னும் கிடைக்கவில்லை. அது வேறு பாடம்.

பயிற்சி

தாயாரின் அனுமதியுடன் அக்கடிதத்தின் முதற் சொல்லை இங்கே தருகின்றோம். 56, 10 என்னும் முதலிரண்டும் எல்லா எழுத்துக்கும் பொதுவாதலால் அவற்றை விட்டு, மூன்றாவதும் நான்காவதும் மட்டும் தரப்பட்டுள்ளன.

58, 36, 58, 25, 62, 13, 58, 21, 58, 26, 62, 13, 58, 26, 58, 63.

மூன்றாவது எண் 58 ஆயின்: க 21, ங 25, ச 26, ஞ 30, ட 31, ண 35, த 36, ந 40, ன 41, ப 42, ம 46, ய 47, ர 48, ற 49, ல 50, ள 51, ழ 52, வ 53, கால் 62, இகர விசிறி 63. மூன்றாவது எண் 62 ஆயின்: ஈகாரக் குறி 0, உகரக் குறி 1, ஊகாரக் குறி 2, ஒற்றைக் கொம்பு 6, இரட்டைக் கொம்பு 7, ஐகாரக் குறி 8, புள்ளி 13.

விடையைக் கொப்பியில் எழுதி, உங்கள் பெயரையும் அதே முறையில் எண்களாக்கி, விடுமுறைக்குப் பின் வரும் முதற் சனிக்கிழமை கொண்டுவருக.